எந்த ஃபிளையிங் ஸ்கூல் மலிவு என்று கேட்பதற்கு முன்

வெளிநாட்டில் பைலட் பயிற்சிக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் பேசும்போது முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, எந்த ஸ்கூல் சீப்?" அடுத்தது, "எத்தனை மாசத்துல முடிச்சிட்டு வரலாம்?" இந்த இரண்டுக்கும் எல்லா ஸ்கூலும் பதிலை அச்சடித்தே வைத்திருக்கிறது. விமானம் ஒன்றுகூடப் பழுதாகாமல், ஒரு நாளும் மேகம் திரளாமல், பயிற்சியாளர் நடுவில் வேலையை விட்டுப் போகாமல், நீங்கள் எந்தப் பாடத்தையும் இரண்டாம் முறை செய்யாமல் இருந்தால் என்னவாகுமோ, அந்தக் கணக்கு அது. நான் ஃபுளோரிடாவில் ஒரு சிறிய ஸ்கூலில் படித்துவிட்டு வந்து, இந்திய உரிமமாக மாற்றியும் ஆயிற்று. என்னோடு படித்தவர்களில் அந்த அச்சடித்த கணக்குப்படி முடித்தவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

ஸ்கூல் பெயரை யோசிப்பதற்கு முன் மருத்துவத் தகுதி. இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 மருத்துவச் சான்று எடுத்து, அதன் மேல் கிளாஸ் 1 எடுக்க வேண்டும். பெங்களூரில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனம் போல, அனுமதி பெற்ற குறிப்பிட்ட இடங்களில்தான் கிளாஸ் 1 நடக்கும். தேதி கிடைக்கவே காத்திருக்க வேண்டும். "அதெல்லாம் அமெரிக்கா போய் எடுத்துக்கலாம்" என்பார் ஏஜென்ட். அங்கே எடுப்பது அமெரிக்க உரிமத்துக்கு. இங்கே வந்து ஏர்லைனில் உட்கார டி.ஜி.சி.ஏ.யின் கிளாஸ் 1 வேண்டும். கண்ணிலோ காதிலோ ஈ.சி.ஜி.யிலோ ஒரு சிக்கல் இருந்தால் அது பணம் கட்டுவதற்கு முன்பு தெரியட்டும். கிளாஸ் 1 கையில் வரும்வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அடுத்து, டி.ஜி.சி.ஏ. எழுத்துத் தேர்வுகள். நேவிகேஷன், மெட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் என்று ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். டெல்லி துவாரகாவில் தெருவுக்குத் தெரு இதற்கான வகுப்புகள் இருக்கின்றன. சென்னையிலும் ஆன்லைனிலும் உண்டு. பறந்துவிட்டு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறைய. அதில் ஒரு பொறி இருக்கிறது. இந்திய சி.பி.எல்., அதாவது வணிக விமானி உரிமம், கேட்டு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் குறைந்தது 15 மணி நேரம் பி.ஐ.சி.யாக, அதாவது நீங்களே பைலட் இன் கமாண்டாக, பறந்திருக்க வேண்டும். இரவில் பத்து டேக்-ஆஃப், பத்து லேண்டிங் கணக்கும் அதே ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். ஊருக்குத் திரும்பி, மெட்டியராலஜியில் ஒருமுறை தவறி, ரெகுலேஷன்ஸில் ஒருமுறை தவறினால் அந்த ஆறு மாதம் காணாமல் போய்விடும். பிறகு விட்டதைப் பிடிக்க மறுபடி காசு கட்டிப் பறக்க வேண்டும். நான் தேர்வுகளை முடித்துவிட்டுத்தான் விசாவுக்கே போனேன். உறவினர்கள் "இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்டால் கேட்கட்டும்.

இனி ஸ்கூல் விஷயம். அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, பிலிப்பைன்ஸ், கனடா என்று எங்கே போனாலும் திரும்பி வந்து நிற்கப்போவது டி.ஜி.சி.ஏ. வாசலில். அதனால் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவதுதான் முறை. இந்தியா கேட்பது மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி பி.ஐ.சி. அந்த நூறில் 20 மணியாவது ஊர்விட்டு ஊர் பறக்கும் கிராஸ்-கன்ட்ரி, அதற்குள் 300 நாட்டிக்கல் மைலுக்குக் குறையாத ஒரே பயணம், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுதாக நிறுத்தி இறங்குவது. 10 மணி இன்ஸ்ட்ருமென்ட், அதாவது வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது, 5 மணி இரவு. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குத் தனியாக 50 மணி பி.ஐ.சி. கிராஸ்-கன்ட்ரி, 40 மணி இன்ஸ்ட்ருமென்ட்.

அமெரிக்காவில் சி.பி.எல். இரண்டு வழியில் கிடைக்கும். பார்ட் 61 என்ற பொது விதிப்படி என்றால் 250 மணி. அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.யின் ஒப்புதல் பெற்ற பாடத்திட்டத்தோடு நடக்கும் பார்ட் 141 ஸ்கூலில் 190 மணியிலேயே முடிக்க முடியும். ஏஜென்ட்கள் இந்த 190-ஐத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். இந்தியாவுக்கு 200 வேண்டும் என்பதை வந்த பிறகு நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். சரி, பத்து மணி கூடுதலாகப் பறந்தால் போயிற்று. ஆனால் உண்மையான ஓட்டை மொத்தத்தில் இல்லை, பி.ஐ.சி.யில் இருக்கிறது.

அதை என் அறைத்தோழியின் லாக்புக்கில் பார்த்தேன். ராஜமுந்திரிப் பெண், வேறொரு ஸ்கூலில் பாதி முடித்துவிட்டு எங்களிடம் வந்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் லாக்புக்கை விரித்து, பி.ஐ.சி. பத்தியைப் பக்கம் பக்கமாகக் கூட்டினோம். நூறைத் தாண்டிவிட்டது. அவளுக்கு ஒரே சந்தோஷம். பக்கத்துப் பத்தியைப் பார்த்தால் அதே பறப்புகளில் பலவற்றுக்கு 'டூயல் ரிசீவ்டு', அதாவது பயிற்சியாளரோடு பறந்தது, என்றும் எழுதியிருக்கிறது. அமெரிக்க விதிப்படி பிரைவேட் உரிமம் வாங்கிய பிறகு, பக்கத்தில் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தாலும் கட்டுப்பாடு முழுக்க உங்கள் கையில் இருந்தால் அதை பி.ஐ.சி. என்று எழுதிக்கொள்ளலாம். இன்னொரு மாணவர் கண்ணை மறைக்கும் ஹூட் போட்டு இன்ஸ்ட்ருமென்ட் பழக, நீங்கள் வெளியே கவனித்துக்கொள்ளும் சேஃப்டி பைலட்டாக உட்கார்ந்தால், இரண்டு பேரும் அதே ஒரு மணியை பி.ஐ.சி. என்று எழுதலாம். அங்கே இது சட்டப்படி சரி. டி.ஜி.சி.ஏ. கணக்கில் பயிற்சியாளரோடு பறந்தது டூயல்தான், சேஃப்டி பைலட் மணியும் சேராது. இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தோம். எண்பதைக்கூடத் தொடவில்லை. மீதி ஒவ்வொரு மணியையும் அவள் தனியாகப் பறந்து, அதாவது தனியாகப் பணம் கட்டி, நிரப்பினாள்.

ஆகவே ஸ்கூலுக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் விலையைக் கேட்காதீர்கள். "உங்கள் பாடத்திட்டத்தில் டூயல் எத்தனை மணி, தனியாகப் பறப்பது எத்தனை மணி, இந்தியாவின் 100 மணி பி.ஐ.சி. அதற்குள் வருகிறதா?" என்று கேளுங்கள். நான் கேட்டதில் ஒரு ஸ்கூல், ஒவ்வொரு கட்டத்துக்கும் மணிக்கணக்கைப் பிரித்து அட்டவணையாக அனுப்பியது. இன்னொன்று, சூரியன் மறையும் நேரத்தில் எடுத்த விமானப் படம் போட்ட அதே பிரசுரத்தை மறுபடி அனுப்பியது. இந்திய மாணவர்களைப் பல வருடமாகச் சேர்க்கும் ஸ்கூலுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. இருந்தால் யோசியுங்கள்.

எந்த நாடு என்பதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு அனுபவம் போதாது. பிலிப்பைன்ஸில் செலவு குறைவு, ஆனால் மழைக்காலமும் புயலும் மாதங்களைத் தின்னும். கனடாவில் குளிர்காலம் நீளம், இன்ஜினைச் சூடாக்கித்தான் கிளப்ப வேண்டும். இரவு மணி மட்டும் மாலையிலேயே சேர்ந்துவிடும்! நியூசிலாந்தில் ஒருங்கிணைந்த பாடத்திட்டத்தில் 150 மணியிலேயே சி.பி.எல். கிடைக்கும், மீதி 50-ஐ நீங்கள் தேட வேண்டும். நான் அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கூப்பிடு தூரத்தில் ஏராளமான விமான நிலையங்கள், அநேகமாக எங்கேயும் தரையிறங்கக் கட்டணம் கிடையாது என்பது.

அமெரிக்க விசாவில் ஸ்கூல் தேர்வைப் பாதிக்கும் ஒரு விஷயம் உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரும்பாலான ஃபிளையிங் ஸ்கூல்கள் தருவது எம்-1 விசாவுக்கான ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம். தொழிற்பயிற்சி மாணவர் விசா. படிக்கும் காலத்தில் வேலை செய்ய முடியாது. அதைவிட முக்கியம், போய்ச் சேர்ந்து ஆறு மாதம் கழிந்துவிட்டால், உங்கள் கைமீறிய காரணம் இருந்தாலொழிய வேறு ஸ்கூலுக்கு மாற முடியாது. ஸ்கூல் சரியில்லை என்று நமக்கு உறைப்பதற்கே அநேகமாக அந்த ஆறு மாதம் ஆகிவிடும். சில இடங்களில், குறிப்பாகக் கல்லூரியோடு சேர்ந்தவற்றில், எஃப்-1 உண்டு. அதில் படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. என்ற தற்காலிக வேலை அனுமதியில் பயிற்சியாளராக வேலை பார்த்து மணியும் சம்பளமும் சேர்க்க வழி இருக்கிறது. கட்டணம் கூடுதல். உங்கள் திட்டம் உடனே ஊர் திரும்புவதுதான் என்றால் எம்-1 போதும். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கேட்கும்போதும் அந்தத் திட்டத்தைத் தெளிவாகச் சொல்ல முடியும். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் தனி. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.வின் சரிபார்ப்பும் கைரேகையும் முடியாமல் பயிற்சிக்கு விமானம் ஏற்ற மாட்டார்கள், அதையும் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூல் பட்டியலைச் சுருக்க எனக்கு உண்மையில் உதவியவர் என் அப்பா. நாமக்கல்லில் லாரி வைத்து நடத்துகிறவர். விமானத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் கொண்டுபோன பிரசுரங்களையெல்லாம் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "ஏன் கண்ணு, இத்தனை வண்டி நிக்குது படத்துல. ரோட்டுல ஓடறது எத்தனை, ஷெட்டுல நிக்கறது எத்தனைன்னு கேட்டியா?" பத்து லாரி வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நாலை மட்டும் ஓட்டுகிறவர்களை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். விமானமும் அப்படித்தான். மாணவருக்குத் தேவை ஸ்கூலிடம் எத்தனை விமானம் இருக்கிறது என்பதில்லை. இன்று காலை பறக்கத் தயாராக நிற்பது எத்தனை, அதற்கு எத்தனை பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்பதுதான்.

இதை ஊரில் உட்கார்ந்தபடியே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்க விமானங்களின் வாலருகே 'N' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். ஸ்கூலின் படங்களிலும் மாணவர்கள் போடும் இன்ஸ்டா வீடியோக்களிலும் அது தெளிவாகத் தெரியும். அந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்.ஏ.ஏ.யின் பதிவேட்டில் போட்டால் எந்த வருடம் தயாரித்தது, யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். பிறகு ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்களில் அதே எண்ணைத் தேடினால் எந்தெந்த நாளில் பறந்தது என்று காட்டும். ஒரு பெரிய ஸ்கூலை இப்படிச் சில வாரம் கவனித்தேன். படத்தில் இருபதுக்கு மேல் விமானம். வானத்தில் எட்டு ஒன்பதுக்கு மேல் தென்படவே இல்லை. தாழப் பறக்கும் சிறு விமானத்தைத் தளம் சில சமயம் தவறவிடும், அதனால் ஒரு நாளை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் வாரக்கணக்கில் ஒரே விமானம் அசையவில்லை என்றால் அது ஷெட்டில்தான் நிற்கிறது. அப்படியே அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி.யின் பதிவுகளிலும் அந்த எண்களைத் தேடிப் பாருங்கள். பொதுவில் கிடைப்பவைதான். சிறு விபத்து எல்லா ஸ்கூலிலும் நடக்கும். ஒரே மாதிரி விபத்து திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

கட்டணம் வாங்கிப் பயிற்சி தரும் ஸ்கூலின் விமானத்துக்கு நூறு மணிக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன் கட்டாயம். ஒரு விமானம் தினம் ஐந்தாறு மணி பறந்தால் மூன்று வாரத்துக்குள் அது வந்துவிடும். ஸ்கூலுக்குச் சொந்த மெக்கானிக் இருக்கிறாரா, வெளியே கொடுக்கிறார்களா, கொடுத்தால் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். எங்கள் ஸ்கூலில் மெக்கானிக் ஒருவர்தான். அவர் விடுமுறையில் போன வாரம் பாதிப் பேர் அறையில் மாகி சமைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். விடியும் முன்பே போய், செஸ்னா 172-ஐச் சுற்றிப் பார்த்து, இறக்கையின் கீழ் எரிபொருளில் தண்ணீர் இருக்கிறதா என்று வடித்துப் பார்த்து, டேக்ஸி பண்ணிக்கொண்டு, பறக்கும் முன் இன்ஜினைச் சோதிக்கும் ரன்-அப் இடத்துக்குப் போனேன். இன்ஜின் சுற்றை 1800 ஆர்.பி.எம்.மில் வைத்து, பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் பார்க்க வேண்டும். சாவியை ஒரு பக்கம் திருப்பினால் சுற்று கொஞ்சம் இறங்கும். 150-க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. வலது சரியாக இருந்தது. இடதுக்குத் திருப்பியதும் இன்ஜின் கனைத்துக்கொண்டு 200-க்கு மேல் இறங்கியது. பிளக்கில் கரி படிந்திருக்கலாம் என்று கலவையில் எரிபொருளைக் குறைத்து, சுற்றை ஏற்றிச் சிறிது நேரம் எரிய விட்டு மறுபடி பார்த்தேன். அதே கனைப்பு. திரும்பி, விமானம் நிறுத்தும் ராம்புக்கு வந்து இன்ஜினை அணைத்தபோது, மணிக்கணக்குக் காட்டும் ஹாப்ஸ் மீட்டரில் 0.4 கூடியிருந்தது. பறக்கவே இல்லை, மாற்று விமானமும் இல்லை, அடுத்த இடம் நான்கு நாள் கழித்து. அந்த 0.4-க்கு யார் பணம் கட்டுவது? எங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது: இயந்திரக் கோளாறால் ரத்தானால் மாணவருக்குக் கட்டணமில்லை. இன்னொரு ஸ்கூலில் படித்த நாக்பூர் பையன் இதே மாதிரி ரன்-அப்போடு திரும்பியதற்கெல்லாம் காசு கட்டியிருக்கிறான், பயிற்சியாளரின் நேரத்துக்கும் சேர்த்து.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை இப்படிப்பட்ட சில்லறை வரிகள்தான். மணிக்கணக்கு ஹாப்ஸிலா, டேக் என்கிற டேக்கோமீட்டரிலா? ஹாப்ஸ் பெரும்பாலும் இன்ஜின் ஓடும் நேரத்தையெல்லாம் எண்ணும். டேக் சுற்றின் வேகத்தைப் பொறுத்து எண்ணும், தரையில் மெதுவாக ஓடும்போது மெதுவாக ஏறும். ஒரே வாடகை எழுதியிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. வாடகையில் எரிபொருள் சேர்ந்திருக்கிறதா, விலை ஏறினால் கூடுதல் கட்டணம் உண்டா? பறப்பதற்கு முன்னும் பின்னும் பயிற்சியாளர் விளக்கும் நேரத்துக்குத் தனிக் கட்டணமா? விமானத்துக்குச் சேதம் வந்தால் காப்பீட்டில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு? வானிலையால் ரத்து செய்தால் அபராதம் உண்டா? கடைசிக் கேள்விக்கு 'உண்டு' என்று பதில் வந்தால் அந்த ஸ்கூலுக்கே போகாதீர்கள். மேகத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டிய மாணவரை அபராதக் கணக்குப் போட வைக்கும் இடம் பாதுகாப்பான இடமில்லை.

பயிற்சியாளர்களைப் பற்றிக் கொஞ்சம். 2009-இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்த பிறகு அமெரிக்கா சட்டத்தை இறுக்கியது. 2013-இலிருந்து அங்கே ஏர்லைனில் துணை விமானியாகச் சேரவும் பொதுவாக 1,500 மணி வேண்டும். 250 மணியில் உரிமம் வாங்கிய அமெரிக்கப் பிள்ளைகள் மீதியைச் சேர்க்கப் பெரும்பாலும் பயிற்சியாளராகிறார்கள். நமக்குச் சொல்லிக்கொடுப்பவர் நம்மைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார். அதில் தவறில்லை. எனக்கு முதலில் கிடைத்தவர் அற்புதமான ஆள். ஆனால் 1,500 எட்டியதும், ஏர்லைன் ஆளெடுக்கும் காலமாக இருந்தால், அடுத்த வாரமே போய்விடுவார். புதிதாக வருபவர் உங்களை நம்பித் தனியாக அனுப்புவதற்கு முன் பழைய பாடங்களை மறுபடி செய்யச் சொல்வார். அந்த மணிகளும் உங்கள் கணக்கில்தான். அதனால் பழைய மாணவர்களிடம் நான் கேட்டது, "சொல்லிக்கொடுக்கிறவர் எப்படி?" என்று இல்லை. "இதுவரை எத்தனை பேர் மாறினார்கள், ஒருவரிடம் எத்தனை மாணவர்கள்?" என்று. ஸ்கூல் தரும் நம்பர்களை மட்டும் அழைக்காதீர்கள். இப்போது அங்கே படிப்பவரை நீங்களே தேடிப் பிடித்து, "இந்த வாரம் எத்தனை முறை பறந்தீர்கள்? உங்கள் ஷெட்யூல் ஆப்பின் ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். நம்ம பிள்ளைகள் தயங்காமல் அனுப்புவார்கள். புலம்பலும் சேர்ந்தே வரும்.

செக்ரைடு என்கிற இறுதித் தேர்வை எஃப்.ஏ.ஏ. நியமித்த தேர்வாளர் எடுப்பார். அவர்கள் எண்ணிக்கை குறைவு, கிராக்கி அதிகம், கட்டணத்தை அவரே வைப்பார். நீங்கள் தயாராகி நின்றாலும் தேதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். கை துருப்பிடிக்காமலிருக்க அதற்குள் இரண்டு மூன்று முறை பறக்க வேண்டிவரும். அதுவும் செலவு. சில பார்ட் 141 ஸ்கூல்களுக்குத் தாங்களே தேர்வு நடத்தும் அதிகாரம் எஃப்.ஏ.ஏ. கொடுத்திருக்கிறது. முதல் முயற்சியிலேயே 90 சதவீதத் தேர்ச்சி காட்டினால்தான் அது கிடைக்கும். இது இருக்கும் ஸ்கூலுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பேன்.

பணம் கட்டும் விதத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் 2008 பிப்ரவரியில் ஒரே நாளில் கதவை மூடியபோது, கடன் வாங்கி முன்கூட்டிக் கட்டியிருந்த ஆயிரக்கணக்கான மாணவர்கள் நடுவில் நின்றார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீயில் டேசைடு ஏவியேஷன் 2023 ஏப்ரலில் மூடியபோதும் முன்பணம் கட்டியவர்கள்தான் மாட்டினார்கள். பழைய பெயர், நல்ல பெயர் என்பதெல்லாம் இதில் காப்பாற்றாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தவணையாகக் கட்டுங்கள், ஸ்கூலின் கணக்கில் பறக்காத பணம் குறைவாக இருக்கட்டும். கல்விக் கடன் என்றால் வங்கியும் தவணையாகத்தான் விடுவிக்கும், அது நல்லதற்கே. நடுவில் விலகினால் மீதி எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மொத்த மதிப்பீட்டுக்கு மேல் கால் பங்கு தனியாக வைத்துக்கொண்டு போங்கள். எனக்கு அது கிட்டத்தட்ட முழுதும் தேவைப்பட்டது.

வானிலை பற்றி ஃபுளோரிடா ஸ்கூல்கள் எல்லாம் 'வருடம் முழுக்க வெயில்' என்றுதான் எழுதும். வெயில் உண்மை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மதியத்துக்கு மேல் இடிமேகம் எழும்புவதும் உண்மை. இரு கரையிலிருந்தும் கடற்காற்று உள்ளே வந்து நடுவில் மோதி, கண்ணெதிரே மேகம் கோபுரமாக வளரும். அந்த மாதங்களில் காலை ஆறு மணி இடத்துக்கு எல்லோரும் அடித்துக்கொள்வோம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலமும்கூட. 2024 அக்டோபரில் மில்டன் புயல் வந்தபோது கிழக்குக் கரையில் ஃபோர்ட் பியர்ஸ் பக்கம் டொர்னேடோ என்கிற சுழற்காற்றுகள் இறங்கின. பயிற்சி நின்றது, பிறகு நிலைமை சீராக நாளாயிற்று. முடிந்தால் அக்டோபர் கடைசியில் அல்லது நவம்பரில் போய்ச் சேருங்கள். பிரைவேட் உரிமத்துக்கான முதல் மாதங்கள் நல்ல வானத்தில் வரும். இடிமேகக் காலம் வருவதற்குள் வானிலையை நீங்களே படித்து முடிவெடுக்கும் அளவுக்கு வந்திருப்பீர்கள்.

தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சமாளித்துக்கொள்ளலாம். கார் இல்லாமல் மட்டும் சின்ன ஊரில் ஒன்றும் நடக்காது. காலை ஐந்து மணிக்கு ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று யோசித்துவிட்டு வீடு பாருங்கள். பெண் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கும் ஒரு வரி: ஸ்கூல் விடுதியில் இடம் எப்படி ஒதுக்குகிறார்கள், பூட்டும் அறை தனியாக உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

கிளம்பும்போது ஸ்கூலிடமிருந்து வாங்கி வர வேண்டியவற்றைச் சேரும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்தும் முத்திரையும், பயிற்சிப் பதிவேட்டின் நகல், தலைமைப் பயிற்சியாளரின் சான்று. செக்ரைடு முடிந்ததும் கையில் தருவது 120 நாளுக்கான தற்காலிகக் காகிதம். பிளாஸ்டிக் அட்டை பிறகு தபாலில் வரும், அதுவும் நீங்கள் கொடுத்த முகவரிக்கு. அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டால் அது யாரோ ஒருவர் வீட்டு வாசலில் கிடக்கும். அங்கே முகவரி இல்லாதவர்கள் அமெரிக்காவில் ஒரு முகவரை நியமிக்க வேண்டும் என்ற விதியும் 2025-இல் வந்துவிட்டது. ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்.ஏ.ஏ. அலுவலகம் உங்கள் உரிமம் உண்மையானது என்று டி.ஜி.சி.ஏ.வுக்கு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை விமானம் ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஆறு மாதக் கணக்கு அதற்குள் ஓட ஆரம்பித்திருக்கும்.